குலுக்கிய கை

மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையை ஒரு நாளைக்கு எத்தனை தரம் குறிக்கவேண்டும், எந்தப் படிவத்தில் எழுதவேண்டும் என்பதெல்லாம், புது மருந்தாளர்களே, உங்கள் பார்மசிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. போய் வாசியுங்கள். அதைச் சொல்வதற்கு ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் சும்மா இருக்கிற என்னை எழுதச் சொல்லிக் கரைச்சல் கொடுத்திருக்கத் தேவையில்லை. நான் எழுதப்போவது என் வலது கை ஒரு காலை நேரத்தில் செய்த வேலையைப் பற்றி.

நான் கடைசியாக வேலை செய்தது கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில், தலைமை மருந்தாளராக. உங்களில் சிலர் அங்கேதான் சேர்ந்திருக்கிறீர்கள். கொழும்புத் தமிழர் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் ஒருவருக்கொருவர் சொந்தம். ஆகையால் இதில் வருகிறவர்களின் உறவுமுறை, தொழில், இருப்பிடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். யார் யாரென்று கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன் நெடுங்காலம் தடுப்பூசிக் களஞ்சியம் ஒன்றில் இருந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்த அம்மையாருக்குச் சிரிப்பு என்பதே வராது. அவர் எனக்குக் கற்றுத்தந்த பெரிய வித்தை குலுக்கிப் பார்ப்பது. சில தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். திரும்ப உருகிய பிறகு சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. குப்பியை நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். நல்லது கலங்கியபடியே நிற்கும். உறைந்தது பூப்பூவாகத் திரண்டு அடியில் இறங்கும். நாட்டின் நாலா பக்கமுமிருந்து வந்த தாதிமாருக்கு இதை நான்தான் செய்துகாட்டினேன். அதில் எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது. குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

இனி மாஸ்டர். கொட்டாஞ்சேனையில் வீடு. வெள்ளவத்தையில் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். ஐம்பது வயது ஆகவில்லை. கால் விரல்களில் தொடங்கிய மரத்துப்போதல் முழங்கால்வரை ஏறி, பிறகு கைக்கும் வந்துவிட்டது. வெண்கட்டி விரலிலிருந்து விழுந்தது தெரியாமல் வெறும் விரலால் பலகையில் எழுதிக்கொண்டு நின்றாராம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். தகப்பனும் இதே மாதிரிக் கால் மரத்துப்போய்த்தான் செத்தவர். பரம்பரை வியாதி. ஈரல் ஒரு புரதத்தைப் பிழையாகச் செய்து அனுப்ப, அது நரம்புகளில் போய்ப் படிந்து அவற்றைச் சாகடிக்கிறது. செத்த நரம்பு திரும்ப வராது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனிதர் குறைந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் இந்தப் புதுவகை மருந்து வெளிநாடுகளில் பாவனைக்கு வந்தது. ஈரல் அந்தப் புரதத்தைச் செய்வதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. மருந்தில் இருக்கும் சிறிய ஆர்.என்.ஏ துண்டு போய் அந்தக் குறிப்பைக் கிழித்துவிடும். குறிப்பு இல்லாவிட்டால் புரதமும் இல்லை. ஆனால் ஆர்.என்.ஏயைச் சும்மா இரத்தத்தில் விட்டால் உடம்பு அதை உடனேயே சிதைத்துவிடும். ஆகவே அதைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழ்களுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். அந்தக் குமிழ்தான் உயிர்நிலை. உறைந்தாலும் குலுங்கினாலும் குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகலாம். தேங்காய்ப்பால் சொதி திரைந்தால் கண்ணுக்குத் தெரியும். இது திரைந்தாலும் குப்பிக்குள் முன்பிருந்த அதே பால்வெள்ளைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் நீங்கள் கவனிக்கவேண்டிய இடம். மருந்து வருவதற்கு முதல்நாள் மத்தியானமே, மின்னஞ்சலில் வந்த அதன் துண்டுப்பிரசுரம் முழுவதையும் வாசித்தேன். இரண்டு வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டேன். ‘உறையவிடாதீர், குலுக்காதீர்’ என்று மூன்று மொழியிலும் என் கையாலேயே எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

மருந்துக்கு இங்கே முகவர் கிடையாது. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை மூலம், கெஞ்சி மன்றாடி, முதல் தடவைக்கு மட்டும் இரண்டு குப்பிகள் கிடைத்தன. பலன் இருந்தால் தொடர்ந்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இறக்குமதி அனுமதிக் கடிதத்துடன் மாஸ்டரின் தம்பியார் போய்க் கையோடு கொண்டுவந்தார். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் மனிதர். அண்ணன் என்றால் உயிர்.

அன்று காலை மாஸ்டரை ஏழு மணிக்கே வாட்டில் படுக்கவைத்துவிட்டோம். அவரின் மனைவி கொட்டாஞ்சேனைக் கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டு நேரே பார்மசிக்கு வந்தார். என் நெற்றியில் திருநீறு பூசினார்.

“மிஸ், உங்களுக்கு நல்ல கைராசி எண்டு எல்லாரும் சொல்லுகினம். உங்கட கையாலதான் மருந்து மேல வரோணும்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்த தம்பியார் பேலியகொடை தாண்டிவிட்டதாகப் போன் பண்ணியதும், ஒவ்வாமை வராமல் முன்கூட்டியே போடும் ஊசிகளை வாட்டில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்தில் மருந்தை ஏற்றத் தொடங்கவேண்டும். மேலே மனிதர் கையில் ஊசியோடு காத்திருக்கிறார். கீழே தம்பியார் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி ஓடிவருகிறார். முகமெல்லாம் வியர்வை.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே அட்டை ஈரமாகிக் குப்பிகளில் ஒட்டியிருந்தது. பாதி இளகிய ஐஸ் பைகள் குப்பிகளை நெருக்கிக்கொண்டு கிடந்தன. யாரோ பிரித்து அடுக்கிய பெட்டி என்று பார்த்ததும் தெரிந்தது.

“தம்பி, இதைத் திறந்தனீங்களோ?”

“ஓம் மிஸ். பிளேன் சரியான லேட். மருந்து சூடாப் போயிடுமெண்டு பயந்து போனன். சிங்கப்பூர் எயார்போட்டில ஒரு சாப்பாட்டுக் கடையில கெஞ்சி, ஃப்ரீஸரில கிடந்த ஐஸ் பை நாலு வாங்கிச் சுத்திவர இறுக்கி வைச்சனான். நல்லா ஜில்லெண்டு இருக்கு, என்ன?”

அந்த ‘என்ன’வில் எவ்வளவு சந்தோஷம்! எனக்கோ பகீரென்றது. ஃப்ரீஸர் ஐஸ் நேரே குப்பியில் பட்டிருக்கிறது. உறைந்திருக்குமோ?

அந்த இடத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான். பெட்டியை மூடு, ‘சந்தேகம்’ என்று எழுதித் தனியே வை, டொக்டருக்குச் சொல். முதல் மாதம் வேலைக்கு வந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் என்ன செய்தேன்? குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஐந்தாறு தரம் நன்றாகக் குலுக்கினேன். மேசையில் வைத்தேன். இரண்டாவது குப்பியையும் எடுத்துக் குலுக்கினேன்.

“பாத்தீங்களோ தம்பி, ஒண்டும் திரளேல்லை. பயப்பிடாதேங்கோ” என்று விளக்கமும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு கத்தல். “மிஸ்! ஸொலவன்ன எபா!”

எங்கள் பார்மசியில் இருந்த நதீஷா. அதிகம் பேசாத பெண். என்னோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கதைப்பவள், பதற்றத்தில் தன் சிங்களத்துக்குப் போய்விட்டாள். குலுக்கவேண்டாம் என்றாள். அவள் கை குளிர்ப்பெட்டிக் கதவைக் காட்டிக்கொண்டு நின்றது. கதவில் என் கையெழுத்து.

இரண்டு குப்பிகளும் மேசையில் வெள்ளை வெளேரென்று, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றன. நான் என் கையைப் பார்த்தேன். யாரோ வேறு ஆளின் கையைப் பார்ப்பதுபோல் இருந்தது. தெரியாமல் செய்தால் தெரியவில்லை என்று சொல்லலாம். வாசித்து, கோடு போட்டு, மற்றவர்களுக்கு எழுதி ஒட்டிவிட்டு, மறுநாள் காலையிலேயே அதே கையால் செய்தேன். தம்பியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன மிஸ், நல்லதுதானே?” என்று கேட்டபடி நின்றார்.

மேலே போய் டொக்டரிடம் இரண்டையும் சொன்னேன், ஐஸ் பையையும் என் குலுக்கலையும். நல்ல மனிதர், பெரிய நிபுணர். நெற்றியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டு நான் இரண்டாம் தரம் அதிர்ந்தேன்.

“மிஸ், குடுப்பம். கெட்டுப்போச்செண்டு ஆருக்குத் தெரியும்? மிஞ்சினால் வேலை செய்யாது, அவ்வளவுதான். வடிகட்டி போட்டுத்தானே ஏத்தப்போறம். மனிசன் ஆயத்தமா இருக்கிறார். பெண்சாதி அழப்போறா. நீங்கள் ரிலீஸ் பண்ணிக் கையெழுத்தைப் போடுங்கோ.”

உண்மையைச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்தேன். என்னைக் காப்பாற்றுகிற வழி அது. குலுக்கியது பிழையென்று டொக்டருக்கும் நதீஷாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். கெட்டதா இல்லையா என்று பார்க்க ஏதாவது ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும், பார்ப்பதற்காகவே குப்பியைத் திறக்கவேண்டும். பிறகு மருந்து ஏது?

பேனாவோடு நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. பலன் இருந்தால் தொடர்ந்து தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கெட்ட மருந்தை ஏற்றினால் இரத்தப் பரிசோதனையில் புரதம் குறைந்திராது. ‘இந்த மனிதருக்கு இது வேலை செய்யவில்லை’ என்று எழுதி அனுப்புவார்கள். பிறகு அடுத்த பெட்டி வராது. நான் வீணாக்குவது ஒரு தடவை மருந்தை மட்டுமல்ல. மாஸ்டருக்கு உள்ள ஒரே கதவையும் அடைத்துவிடுவேன். ஒட்டித் திரண்டது உடம்புக்குள் போய் வேறு என்ன செய்யும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஓம், நான் அதை யோசிக்கேல்லை” என்றார்.

மாஸ்டரின் கட்டிலடிக்கு நானே போனேன். இந்த மாதிரி வேளையில் வேறு ஆளை அனுப்பாதீர்கள். மனைவி, தம்பியார், டொக்டர் எல்லோரும் நின்றார்கள்.

“மாஸ்டர், இண்டைக்கு மருந்து தரேலாது. நான் குப்பியைக் குலுக்கிப்போட்டன். குலுக்கக்கூடாத மருந்து. என்ரை பிழை.”

பெட்டி வந்த விதத்தைப் பற்றியும் சந்தேகம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாஸ்டரின் மனைவி என் முன்னால் வந்து நின்றார். காலையில் திருநீறு பூசிய அதே கையால் சேலைத் தலைப்பை எடுத்து, என் நெற்றியிலிருந்த திருநீற்றைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். என்னை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி வந்திராது. தம்பியார்தான் கத்தினார்.

“எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தனான்! குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில வைச்சுக்கொண்டு வந்தனான். நீங்கள் படிச்ச ஆக்களோ?”

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாஸ்டர் மட்டும் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

அன்றே நானும் நதீஷாவும் நடந்ததை ஒன்றும் விடாமல் அறிக்கையாக எழுதிக் கையெழுத்திட்டுச் சிங்கப்பூருக்கும் அனுப்பினோம். பெட்டிக்குள் பொத்தான் அளவில் ஒரு வெப்பமானிக் கருவி இருந்தது. வழி முழுவதும் இருந்த வெப்பநிலை அதில் பதிந்திருக்கும். அதை வாசிக்கும் வசதி எங்களிடம் இல்லாததால் குப்பிகளோடு அதையும் திருப்பி அனுப்பினோம்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. மருந்து பல மணித்தியாலம் உறைநிலைக்குக் கீழே இருந்திருக்கிறது. கொழும்பில் விமானம் இறங்குவதற்கு முன்னமே அது கெட்டுவிட்டது. நான் குலுக்கினாலும் ஒன்றுதான், குலுக்காவிட்டாலும் ஒன்றுதான். பிழையை மறைக்காமல் எழுதியதால் இன்னொரு பெட்டி தர முயற்சிப்பதாகவும், சில மாதங்கள் எடுக்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

வாசித்த உடனே எனக்கு வந்தது சந்தோஷம். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று மனம் துள்ளியது. அடுத்த நிமிடமே என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாகிவிட்டது. அங்கே ஒரு மனிதர் விரல் விரலாகக் கையை இழந்துகொண்டிருக்கிறார். எனக்கு என் கைராசி தப்பியது பெரிதாகப் போயிற்று.

மாஸ்டர் அடுத்த முறை டொக்டரைக் காண வந்தபோது தனியாகக் கண்டு கடிதத்தைக் காட்டினேன். அப்போது அவர் ஊன்றுகோலுக்கு மாறியிருந்தார். வகுப்பையும் நிறுத்திவிட்டார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“இது வேறை ஆருக்குத் தெரியும்?”

“டொக்டருக்கும் நதீஷாவுக்கும். உங்கட பைலிலை இருக்கு.”

“தம்பிக்கு?”

“நான் சொல்லேல்லை. முதல் உங்களுக்குத்தான் சொல்லோணும்.”

கடிதத்தை மடிக்கப் பார்த்தார். விரல்கள் மடிக்கவில்லை. நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன்.

“மிஸ், அவனுக்கும் காலில எரிவு தொடங்கியிட்டுது. எனக்குத் தெரியும். ஒளிக்கிறான். அப்பாவைப் பாத்தவன், என்னைப் பாக்கிறான். சோதிக்கமாட்டன் எண்டு நிக்கிறான். இப்ப உங்களிலை கோவமா இருக்கிறான். கோவத்தோடை அவன் இருப்பான். தன்ரை கையாலதான் என்ரை மருந்து கெட்டது எண்டு தெரிஞ்சால் இருக்கமாட்டான். மருந்துப் பக்கமே வரமாட்டான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “உங்கட பேரிலேயே இருக்கட்டும். பெரிய உதவி.”

மனைவிக்குமா என்று கேட்டேன். “அவளுக்குத் தெரிஞ்சால் அவனுக்கும் தெரியும்” என்றார்.

பிழைவிட்ட மனுஷியிடம் வந்து ஒருவர் பிழையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கச் சொல்கிறார். நோயாளி தன் விபரத்தை யாருக்குச் சொல்லவேண்டாம் என்கிறாரோ அவருக்கு நாம் சொல்லக்கூடாது. அது சட்டம். அதனால் ஓம் என்றேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை.

இரண்டாவது பெட்டி வந்தது. இந்த முறை மருந்து நிறுவனத்தின் ஆளே கொண்டுவந்தார். மாஸ்டருக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏறியது. வியாதி கிட்டத்தட்ட நின்றது. ஆனால் அந்த மாதங்களில் போனது போனதுதான். வெண்கட்டி பிடிக்க அவரால் பிறகு முடியவேயில்லை. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி என்னைத் தாண்டிப் போவார். முகத்தைத் திருப்பவும்மாட்டார், பார்க்கவும்மாட்டார். சுவரைத் தாண்டுவது போலத் தாண்டுவார். வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று முறை உண்மை தொண்டைவரை வந்து நின்றது. ஒருமுறை அவர் பின்னாலேயே லிப்ட்வரை போயும் விட்டேன்.

நீங்கள் கையாளப்போகும் மருந்துகள் இதைவிட விசித்திரமானவை. ஆர்.என்.ஏ இழையையே மடித்து மடித்துக் கூடுகள் கட்டி, புற்றுநோய்க் கலத்தைத் தேடிப் போகச்செய்யப் பார்க்கிறார்கள். இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் காலத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுக் கட்டளை இருக்கும். அதை நீங்கள் வாசிப்பீர்கள், எனக்குச் சந்தேகமில்லை. நானும் வாசித்தேன். பெட்டியைத் திறக்கும்போது உங்கள் கை எந்தப் பழைய வேலையைச் செய்து பாராட்டு வாங்கிப் பழகியது என்று ஒருதரம் யோசியுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு நதீஷாவை நிறுத்தி, அவள் கத்துவதற்கு முன்னமே சொல்லலாம் என்ற துணிவை அவளுக்குக் கொடுங்கள். என் பார்மசியில் அந்தத் துணிவை நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில நாட்களுக்கு முன் தம்பியார் வந்தார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு அல்ல, தனக்காக. கடைசியில் சோதித்துவிட்டார். வியாதி இருந்தது, ஆனால் கால் இன்னும் உறுதியாக இருந்தது. அதற்குள் மருந்தும் மாறிவிட்டது. கொழுப்புக் குமிழ் இல்லை. ஈரலுக்கு வழி காட்ட ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டியிருக்கிறார்கள். ஐஸ் பெட்டி தேவையில்லை. தோலுக்குக் கீழே ஒரு சின்ன ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று.

தட்டில் ஊசியை வைத்துக்கொண்டு நானே போனேன். கதிரையில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார்.

“நீங்கள் வேண்டாம் மிஸ். நீங்கள் தொட்ட மருந்து எனக்கு வேண்டாம். அந்த மற்ற மிஸ் கொண்டு வரட்டும்.”

வாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கதவடியில் நின்ற நதீஷா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தட்டை அவளிடம் கொடுத்து ஒதுங்கி நின்றேன். நதீஷா தட்டோடு போனாள். தம்பியார் திரும்பக் கதிரையில் இருந்தார். சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றி, விலக்கி, ஊசிக்கு வயிற்றைக் காட்டினார்.